கராஜுக்கு மேல் அறை சூடாகுதில்லை: டக்ற் ஒழுக்கை நாங்களே அடைக்கலாமோ?

ஏஜக்ஸ்காரி

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீடு கனடாவில ரொறன்ரோவுக்குக் கிட்ட ஏஜக்ஸில, ரெண்டு மாடி, 2004இல கட்டினது. வீட்டைச் சூடாக்கிற காஸ் ஃபர்னஸ் பேஸ்மென்றில (நிலக்கீழ் மாடியில) நிக்குது, சூட்டுக் காத்து டக்ற் எண்ட தகரக் குழாயளால அறையளுக்குப் போகுது. பழசு உடைஞ்சு 2019இல மாத்தினது, வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் ரெண்டு சுவருக்குள்ளால வெளியில போற வகை.

மகன்ர அறை கராஜுக்கு நேர் மேல. தெர்மோஸ்ராற்றில 21 வைச்சா மற்ற அறையள் 21, 22இல நிக்குது. அவன்ர அறை 17ஐத் தாண்டாது. வெளியில மைனஸ் 20 அடிக்கிற நாளில தொப்பி போட்டுக்கொண்டு படுக்கிறான். வென்றில, அதாவது அறைக்குள்ள காத்து வாற வாசலில, கை வைச்சா வாற காத்து சூடுதான், ஆனா வேகமில்லை.

இன்னொரு பிரச்சினையும் இருக்கு. மீன் பொரிக்கிறதுக்கெண்டே கீழ ரெண்டாவது குசினி போட்டனாங்கள். மாமி கீழ பொரிக்கிறா, கதவும் பூட்டித்தான் கிடக்குது. கொஞ்ச நேரத்தில எங்கட படுக்கையறை வென்றுக்குள்ளால மணம் வருது.

ஒரு கொம்பனியில இருந்து வந்தவர், டக்ற் முழுக்க ஒழுகுது, உள்ளுக்கால பசை விசிறி அடைக்கிறம் எண்டு ரெண்டாயிரம் டொலருக்கு மேல கேட்டார். இன்னொருத்தர் ஃபர்னஸ் காணாது, பெரிசு போடுங்கோ எண்டார். போனில கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற டக்ற் கிளீனிங் ஆக்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஃபர்னஸ் நிக்கிற பக்கம் பேஸ்மென்ற் சீலிங் திறந்தபடி கிடக்குது, குசினிப் பக்கம் ட்றைவோல் பலகை அடிச்சு மூடியிருக்கு. நானும் இவரும் சனி ஞாயிறில செய்யக்கூடிய வேலையோ இது? எதில துவங்கிறது?

பிக்கரிங் வாசி

சாம்பல் டக்ற் ரேப் ரெண்டு உருளை வாங்கி, இணைப்பு கண்ட இடமெல்லாம் சுத்தி விடுங்கோ. இருபது டொலரோட அலுவல் முடிஞ்சுது. ரெண்டாயிரம் கேட்டவரைத் திரும்ப வீட்டுக்குள்ள எடுக்காதேங்கோ.

தகரவேலை

பிக்கரிங் தம்பி குறை நினைக்காதேங்கோ, அந்தத் துணி ரேப் வேற எதுக்கும் உதவும், இதுக்கு உதவாது. சூடுபட்டு அதின்ர ரப்பர் பசை காஞ்சு, சில குளிர்காலத்துக்குள்ள ரேப் தோலுரிஞ்சு தொங்கும். நான் பிடுங்கி எறிஞ்சதுக்குக் கணக்கில்லை. 1998இல கலிபோர்னியாவில லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில கன வகை ரேப்பையும் பசையையும் சூட்டில வைச்சுச் சோதிச்சவை. இணைப்பை விட்டது இந்தத் துணி ரேப்தான்.

தங்கச்சி, நான் ஸ்காபரோவில இருந்து இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேல தகரவேலை செய்யிறன். கூடுதலா உங்கட பக்கம் மாதிரிப் புதுக் குடியிருப்புகளில டக்ற் அடிச்சனான். அந்த வேலை எவ்வளவு அவசரத்தில நடக்கிறதெண்டு எனக்குத் தெரியும். குழாயைச் செருகி ஒரு ஸ்குறூ அடிச்சுப்போட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுறது.

முதல் அந்தப் பெரிய ஃபர்னஸ் கதையை விடுங்கோ. மற்ற அறையள் 21க்கு வருதெண்டா ஃபர்னஸில சூடு காணாமல் இல்லை. பெரிசு போட்டா தெர்மோஸ்ராற் இருக்கிற இடம் இன்னும் கெதியாச் சூடாகும், ஃபர்னஸ் இன்னும் கெதியா நிண்டிடும், மகன்ர அறைக்குக் காத்துப் போற நேரம் இருக்கிறதை விடவும் குறையும்.

ரேப் வாங்க முதல் காசு செலவில்லாத ரெண்டு வேலை. ஃபர்னஸில இருந்து அந்த அறைக்குப் போற வட்டக் குழாயைத் தேடிப் பிடியுங்கோ. அதின்ர பக்கத்தில சின்னக் கைபிடி ஒண்டு இருக்கும். கைபிடி குழாயின்ர நீட்டுக்கு இருந்தா உள்ளுக்குள்ள தட்டு திறந்திருக்கு, குறுக்க நிண்டா பூட்டியிருக்கு. கோடையில யாரும் திருப்பி விட்டிருப்பினம். ரெண்டாவது, அந்த அறைக்குள்ள ரிற்றேர்ன், அதாவது காத்து ஃபர்னஸுக்குத் திரும்பிப் போற வாசல், இருக்கோ எண்டு பாருங்கோ. கட்டிலுக்குப் பின்னால, அலுமாரிக்குப் பின்னால மூடுப்பட்டுக் கிடக்கும். ரிற்றேர்னே இல்லாட்டி ஒரு இரவு கதவைத் திறந்து வைச்சுப் பாருங்கோ. காத்து வெளிய போக வழியில்லாத அறைக்குள்ள புதுக் காத்து போகாது.

இப்ப ஒழுக்குக்கு வருவம். டக்ற்றுக்குள்ள ஓடுற காத்தில 20இல இருந்து 30 வீதம் வழியிலயே போயிடுது எண்டு அமெரிக்க அரசின்ர எனர்ஜி ஸ்ரார் திட்டம் ஒரு கணக்குச் சொல்லுது. விக்க வாறவை எல்லாரும் அந்தக் கணக்கோடதான் வருவினம். கணக்கு பிழையில்லை, ஆனா எங்க ஒழுகுது எண்டு கேளுங்கோ. அமெரிக்காவில தெற்குப் பக்கம் கன வீட்டில டக்ற் கூரைக்குள்ள ஓடுது, அங்க ஒழுகினா காசு வெளியில போகுது. எங்கட பேஸ்மென்ற் வீட்டுக்குள்ளதானே. அதுக்குள்ள ஒழுகிற சூடு பேஸ்மென்றைச் சூடாக்கிப்போட்டு மெல்ல மேல வரும். அதை அடைச்சா காஸ் பில் பாதியாகும் எண்டு எதிர்பாக்க வேண்டாம். நீங்கள் அங்க இழக்கிறது அழுத்தத்தை. விசிறி தள்ளுற தள்ளு முன்னுக்கிருக்கிற ஓட்டையளிலயே முடிஞ்சு போனா கடைசி அறைக்கு ஒண்டும் மிஞ்சாது. உந்தச் சுப்டிவிசன் வீடுகளில கராஜுக்கு மேல் அறைதான் எப்பவும் கடைசி.

மாமியின்ர மீன் உங்களுக்கு ஒரு உதவி செய்யுது. மேல் அறை வென்றுக்குள்ளால மணம் வருதெண்டா ரிற்றேர்ன் பக்கம் பேஸ்மென்ற் காத்தை இழுக்குது. மேல்மாடியில இருந்து காத்து திரும்பி வாற வழியைப் பாருங்கோ. கன இடத்தில அது முழுத் தகரப் பெட்டியாய் இராது. சீலிங் மரம் ரெண்டுக்கு நடுவில இருக்கிற இடைவெளியை, அடியில ஒரு தகரத்தை அடிச்சு மூடிப்போட்டு, அதையே ரிற்றேர்ன் எண்டு விட்டிருப்பினம். நாங்களும் அடிச்சனாங்கள், அப்ப எல்லாரும் அப்பிடித்தான். தகரத்தின்ர ஓரம் முழுக்க இடைவெளி இருக்கும். தூசி கறுப்புக் கோடாய் படிஞ்சு கிடந்தா அதுக்குள்ளாலதான் இழுக்குது.

இதில ஒண்டை மட்டும் விளையாட்டா எடுக்காதேங்கோ. சுடுதண்ணி ராங்கைப் போய்ப் பாருங்கோ. உங்கட ஃபர்னஸ் பிளாஸ்ரிக் குழாயால வெளிக்காத்தை எடுத்து எரியிறது, அது பரவாயில்லை. ராங்குக்கு மேல தகரப் புகைக்குழாய் போய், குழாய் துவங்கிற இடத்தில சுத்திவர திறந்தபடி இருந்தா, அது வீட்டுக் காத்தை எடுத்துத்தான் எரியுது. பக்கத்தில ரிற்றேர்ன் பெரிசா ஒழுகினா விசிறி அந்த அறைக் காத்தை இழுத்து, மேல போக வேண்டிய புகையைத் திருப்பி வீட்டுக்குள்ள கொண்டு வரும். அதோட காபன் மொனொக்சைட் எண்ட மணமில்லாத நச்சு வாயுவும் வரும். அதால ஃபர்னஸுக்குக் கிட்ட இருக்கிற ரிற்றேர்ன் ஒழுக்குத்தான் முதல் வேலை, மகன்ர அறை ரெண்டாவது. படுக்கையறையளுக்குப் பக்கத்தில காபன் மொனொக்சைட் அலாரம் இருக்க வேணும், ஒன்ராறியோவில 2014 ஒக்ரோபரில இருந்து அது சட்டம். காஸ் குழாய், பேர்னர், புகைக்குழாய் மூண்டிலயும் நீங்கள் கை வைக்கக் கூடாது. அதுக்கு ஒன்ராறியோவின்ர பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ.யின்ர லைசன்ஸ் உள்ள ஆள் வேணும்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்கச் சாமியறை ஊதுபத்தி காணும். தெர்மோஸ்ராற்றில விசிறியை ஓட்டோவில இருந்து ஓனுக்கு மாத்திப்போட்டு, இணைப்பு ஒவ்வொண்டுக்கும் கிட்டப் பத்தியைப் பிடியுங்கோ. சூட்டுக் காத்துப் போற பக்கம் புகை தள்ளுப்படும், ரிற்றேர்ன் பக்கம் உள்ளுக்கு இழுபடும். கண்ட இடத்தை மார்க்கரால கீறி விடுங்கோ. காஸ் மணக்குதெண்டா மட்டும் ஒண்டையும் கொளுத்தாமல் வெளிய போய்ப் போன் அடியுங்கோ.

அடைக்கிற சாமான் ரெண்டு. ஒண்டு அலுமினியப் படல ரேப், பின்னால கடதாசி உரிச்சு ஒட்டுறது, மேல யு.எல். 181 எண்ட தரக் குறி அச்சடிச்சிருக்கும். தகரத்தில எண்ணெயும் தூசியும் இருந்தா பிடிக்காது, அல்கஹோலால துடைச்சுப்போட்டு ஒட்டி, பிளாஸ்ரிக் அட்டையால அழுத்தித் தேயுங்கோ. மற்றது மாஸ்ரிக். கெட்டித் தயிர் பதத்தில வாளியில வாற சாம்பல் பசை. தண்ணியில கரையிற வகையை வாங்கினா மணம் குறைவு, கழுவுறதும் சுகம். மலிவான பிரஷ்சால ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புக்குப் பூசினாக் காணும். கால் அங்குலத்துக்கு மேல இடைவெளி எண்டா முதல் கண்ணாடிநார் வலையை ஒட்டி அதுக்கு மேல பூசுங்கோ. ஒரு இரவு காய விடுங்கோ. மிச்ச வாளியைக் கராஜில வைக்காதேங்கோ, உறைஞ்சா அவ்வளவுதான்.

என்னைக் கேட்டா மாஸ்ரிக்தான். வடிவில்லை, கையெல்லாம் பிரளும், ஆனா திரும்பிப் பாக்கத் தேவையில்லை. பெரிய பெட்டி டக்ற்றில இருந்து வட்டக் குழாய் பிரியிற கழுத்துகளும், திருப்பி வளைக்கிற எல்போக்களும்தான் கூட ஒழுகும். எல்போவில வளையத்துக்கு வளையம் இடைவெளி இருக்கு, எல்லாத்துக்கும் பூசுங்கோ. பெட்டி டக்ற்றின்ர கடைசி மூடியையும் மறக்காதேங்கோ.

பூசக் கூடாத இடங்களும் இருக்கு. ஃபர்னஸ் கதவு, ஏசி கொயில் மூடி, ஃபில்ரர் போடுற வாசல். நாளைக்குத் திறக்க வேண்டியதுகள். ஃபில்ரர் வாசல் மூடியில்லாமல் கிடந்தா ஒரு காந்த மூடி வாங்கி ஒட்டுங்கோ. வீடு வீடாய் நான் பாக்கிற பெரிய ரிற்றேர்ன் ஓட்டை அதுதான், யாரும் அதை ஓட்டை எண்டே நினைக்கிறதில்லை.

மிசிசாகா கொங்கு

அண்ணன் விளக்கமா சொல்லிட்டார். கராஜ் பகுதியைப் பத்தி மட்டும் நான் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏன்னா எங்க வீட்டுல பாதிப் பிரச்சினை அங்கதான் இருந்துச்சு.

பேஸ்மென்ட்ல தெரியற இடமெல்லாம் அடைச்சோம். அறை கொஞ்சம் தேறுச்சு, முழுசா சரியாகலை. அப்புறம் எனர்ஜி ஆடிட்டர் ஒருத்தரைக் கூப்பிட்டோம். வாசல் கதவுல விசிறியைக் கட்டி, வீட்டுக்கும் வெளியிலயும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வர்ற மாதிரி காத்தை உறிஞ்சி எடுத்துட்டு, சூடு, குளிரை நிறத்துல காட்டற கேமராவோட அறை அறையா நடந்தார். அந்த அறையோட தரை முழுக்க கேமராவுல நீலமா தெரிஞ்சுது. கராஜ் சீலிங்குல ஒரு சதுரம் வெட்டிப் பார்த்தா, கண்ணாடி நார் பஞ்சு கீழ டிரைவால் மேல தொங்கிட்டு இருக்கு. பஞ்சுக்கும் மேல இருக்கற பலகைக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி, அதுக்குள்ள வெளிக்காத்து சுத்துது. டக்ட்டும் அந்தக் குளிருக்குள்ளதான் படுத்திருக்கு. டக்ட்டை மட்டும் அடைச்சிருந்தா பத்தாம போயிருக்கும். இணைப்புகளுக்கு மாஸ்டிக் போட்டு, அந்த இடைவெளி முழுக்க ஃபோம் அடிச்சதுக்கு அப்புறம்தான் பையன் அந்த அறையில உட்கார்ந்து படிக்கிறான்.

உள்ளுக்குள்ள பசை விசிறுறாங்களே, அது ஏரோசீல். ஏமாத்து வேலை இல்லைங்க. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துலயே 1990கள்ல மார்க் மோடேரா குழு உருவாக்கினது. எல்லா வென்ட்டையும் மூடிட்டு, பாலிமர் பசையைத் துகளா காத்துல கலந்து அழுத்தத்தோட அனுப்புவாங்க. காத்து தப்பிக்கற ஓட்டையோட விளிம்புல துகள் ஒட்டி ஒட்டி அடையும். ஒழுக்கு எவ்வளவு இருந்துச்சு, எவ்வளவு குறைஞ்சுதுன்னு கம்ப்யூட்டர்ல அளந்து குடுப்பாங்க. முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மியா, 5/8 அங்குலம் வரைக்கும் அடையும். குழாய் கழண்டு கிடந்தா அதனால ஒண்ணும் பண்ண முடியாது. டிரைவாலுக்குள்ள மறைஞ்ச டக்ட்டுக்குக் குடுக்கற காசு தகும். பேஸ்மென்ட்ல கண்ணுக்கு முன்னாடி தெரியறதுக்கு எதுக்கு ரெண்டாயிரம்?

தகரவேலை

கொங்குத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. கராஜ் ஒழுக்கைப் பற்றி நான் எழுத நினைச்சு விட்டிட்டன். அங்க ஒழுகிற சூடு நேரா ரோட்டுக்குப் போகுது, பில்லில தெரியிறது அதுதான். அதை விட, விசிறி நிண்ட நேரத்தில கராஜ் காத்து அதே ஓட்டையால டக்ற்றுக்குள்ள ஏறலாம். காலமை காரை ஸ்ராட் பண்ணி உள்ளுக்குள்ளயே சூடேற விடுற ஆக்கள் கனபேர் இருக்கினம். அந்தப் புகை போற அறை பிள்ளையின்ர அறை. கராஜ் கதவைத் திறந்து வைச்சாலும் காரை உள்ள ஓட விடாதேங்கோ.

ஏஜக்ஸ்காரி

எல்லாருக்கும் பெரிய நன்றி. சனி ஞாயிறில செய்து முடிச்சம்.

கைபிடி திறந்துதான் இருந்தது. ஃபில்ரர் வாசலுக்கு மூடியே இல்லை, ஊதுபத்திப் புகை அப்பிடியே உள்ள போச்சு. மகன்ர அறைக்குப் போற குழாய், பெட்டி டக்ற்றில இருந்து பிரியிற கழுத்தில ஒரு பக்கம் விலகிக் கிடந்தது, என்ர சுண்டுவிரல் போகும். அண்ணை சொன்ன மாதிரி ஒரே ஒரு ஸ்குறூ. அதை நேராக்கி இன்னும் ரெண்டு ஸ்குறூ போட்டு, வலை வைச்சு மாஸ்ரிக் பூசினம். தகரத்தட்டு ரிற்றேர்ன் ரெண்டு இருந்தது. கறுப்புக் கோடும் இருந்தது. ஓரம் முழுக்க இவர் பூசினார், கைக்கடிகாரத்திலயும் சேத்து.

இப்ப அறை 19க்கு வருது. மீன் மணம் நல்லாக் குறைஞ்சிருக்கு, ஆனா இல்லையெண்டு சொல்லேலாது. ட்றைவோல் பக்கம் இன்னும் ஒழுகுதாக்கும். தண்ணி ராங்க் திறந்த புகைக்குழாய் வகைதான், அலாரம் மேலயும் கீழயும் புதுசு போட்டாச்சு. கராஜ் சீலிங்கை வசந்த காலத்தில வெட்டிப் பாப்பம்.

ஒரு கேள்வி. அடைச்சதுக்குப் பிறகு ஃபர்னஸ் விசிறிச் சத்தம் கூடிப்போச்சு. ஏதும் பிழையோ?

தகரவேலை

பயப்பட ஒண்டுமில்லை, ஆனா பாருங்கோ. முந்தி ஓட்டையளால தப்பி ஓடின காத்து இப்ப வென்றுகளால போக வேண்டியிருக்கு, விசிறிக்கு வேலை கூட. ஃபில்ரர் என்ன? ஒரு அங்குலத் தடிப்பில மேர்வ் (ஃபில்ரர் எவ்வளவு நுணுக்கமாய் வடிக்குதெண்ட அளவு) 13 போட்டிருந்தா அது காத்தை நல்லா மறிக்கும். எட்டோ அதுக்குக் கிட்டவோ போட்டுப் பாருங்கோ. பாவிக்காத அறையெண்டு எங்கயும் வென்ற் பூட்டி வைச்சிருந்தா திறவுங்கோ.

பிறகு சூட்டை அளவுங்கோ. ஃபர்னஸ் கதவைத் திறந்தா உள்ளுக்க ஒரு தகட்டில எத்தனை டிகிரி சூடு ஏறலாம் எண்டு ஒரு எல்லை போட்டிருக்கும், கூடுதலா ஃபாரன்ஹைட்டில. பாத்திட்டுக் கதவைப் பூட்டுங்கோ, இல்லாட்டி ஃபர்னஸ் ஓடாது. பத்து நிமிசம் எரிய விட்டு, ஃபர்னஸுக்குக் கிட்ட இருக்கிற வென்றில ஒரு அளவு, ரிற்றேர்னில ஒரு அளவு எடுங்கோ. ரெண்டுக்கும் வித்தியாசம் அந்த எல்லைக்குள்ள நிண்டா சத்தத்தைப் பழகிக்கொள்ளலாம். எல்லையைத் தாண்டினா காத்து காணாது, பாதுகாப்பு சுவிச் விழுந்து ஃபர்னஸ் இடையில நிண்டு நிண்டு ஓடும். அப்ப லைசன்ஸ்காரரைக் கூப்பிட்டு டக்ற்றுக்குள்ள அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கோ.

மிச்ச மணத்துக்கு மாமி பொரிக்கேக்க அடுப்புக்கு மேல விசிறியைப் போடுறவவோ? அளவாப் போடச் சொல்லுங்கோ. அதுவும் வீட்டுக் காத்தை வெளிய இழுக்கிறது, ராங்குப் புகையையும் திருப்பக் கூடியது. யன்னல் ஒண்டைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் பொரிச்சா ரெண்டுக்கும் நல்லம்.

ஸ்காபரோ பங்களா

இடையில புகுந்து கேக்கிறன். எங்கட வீடு 1961இல கட்டின பங்களா. இதை வாசிச்சுப்போட்டு நானும் ஊதுபத்தியோட கீழ போனனான். இணைப்புகளில பழைய வெள்ளை ரேப், துணியும் கடதாசியும் கலந்த மாதிரி, ஓரம் உரிஞ்சு கிடக்குது. சுரண்டி எடுத்துப்போட்டு அலுமினிய ரேப் ஒட்டலாமோ?

தகரவேலை

சுரண்ட வேண்டாம். கையே வைக்காதேங்கோ. அந்தக் காலத்து வெள்ளை ரேப்பில கன இடத்தில அஸ்பெஸ்ரஸ் இருக்கும், 1970கள் வரைக்கும் டக்ற் இணைப்புகளுக்கு அதைத்தான் ஒட்டினவை. அசையாமல் கிடக்கிற மட்டும் பெரிய கரைச்சல் இல்லை. சுரண்டினா நார் காத்தில பறக்கும், பக்கத்தில விசிறி இழுத்தா வீடு முழுக்கப் பரப்பும். சின்னத் துண்டைச் சோதிச்சுப் பாக்கிற ஆய்வுகூடங்கள் ரொறன்ரோவில இருக்கு, துண்டை வெட்டி எடுக்கிறதையும் தெரிஞ்ச ஆளைக்கொண்டே செய்விக்கிறது நல்லம். முடிவு வரும் வரைக்கும் அந்த இணைப்புக்குக் கிட்ட ஊதுபத்தியும் வேண்டாம், தும்புத்தடியும் வேண்டாம். வெள்ளை ரேப் இல்லாத இணைப்பு, ஃபில்ரர் வாசல், வென்ற் பெட்டிக்கும் தரைப் பலகைக்கும் நடுவில இருக்கிற இடைவெளி, இதுகளைத் தாராளமாய் அடையுங்கோ.